கீழ்வீட்டுச் சாமி

என் மகள் எங்கள் வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைக் கழுவி நான் பார்த்ததில்லை. சாப்பிட்ட இடத்திலேயே தட்டு கிடந்து காயும். பருக்கை ஒட்டிக்கொண்டு, ஊற வைத்துச் சுரண்டினால்தான் போகும். அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்குக் குளித்து, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஜனங்கள் சாப்பிட்ட தட்டுகளைக் கழுவக் கிளம்புகிறாள் என்றால் பெற்ற வயிறு எப்படி இருக்கும்? எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. பற்றி எரிந்தது.

அவளைக் குருத்வாராவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் எங்கள் கீழ்வீட்டு சர்தார்னி, சீக்கிய அம்மாள். டில்லி ஜனக்புரியில் நாங்கள் முதல் மாடி, அவர்கள் தரைத்தளம். அவளுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். முழங்கால் வலி, கனத்த உடம்பு, பேசினால் தெருக்கோடி வரை கேட்கும் குரல். இரண்டு மகன்களும் கனடாவில். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே போகிற வருகிறவர்களையெல்லாம் "பேட்டா", பிள்ளாய், என்று கூப்பிடுவாள். காய்கறி வண்டிக்காரனும் பேட்டா, ஏ.சி. ரிப்பேர் செய்ய வந்தவனும் பேட்டா. என் மகளும் அந்த வரிசையில் ஒரு பேட்டாதான் என்று நான் வெகுநாள் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

நான் என்னைப் பக்திமான் என்று எப்போதும் நினைத்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வங்கி வேலைக்காக டில்லிக்கு வந்தவள். கோவில் குளம் என்று அலைவதற்கு நேரமும் இருந்ததில்லை. வீட்டில் சில விஷயங்கள் உண்டு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக் கூடாது. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்கக் கூடாது. வெளியே கிளம்புகிறவரை "எங்கே போறே" என்று கேட்கக் கூடாது. புது ஸ்கூட்டர் என்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம். சாயங்காலம் டியூப்லைட் போடுவதற்கு முன்னால் சாமி விளக்கு. இதற்கெல்லாம் மதம் என்று நான் பெயர் வைத்தது கிடையாது. பல் தேய்க்கிறோம், அதைப்போல.

என் கணவர் இன்னும் ஒருபடி மேலே. அவர் அலுவலகத்தில் யூனியன் ஆள். சாமி கிடையாது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வார். ஆனால் செவ்வாய்க்கிழமை முடி வெட்டிக்கொள்ள மாட்டார். கேட்டால், "செவ்வாக்கிழமை சலூன் லீவுல்லா?" என்பார். டில்லியில் பாதி சலூன்கள் செவ்வாய்க்கிழமை மூடித்தான் இருக்கும், எதற்காக மூடுகிறார்கள் என்று அவர் விசாரித்ததில்லை. அதனால் அவருடைய நாத்திகம் சேதாரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி இருந்த வீட்டில் மகளுக்கு வேலை போயிற்று. குர்காவ்னில் பெரிய கம்பெனி. ஒரு நாள் காலை லேப்டாப்பைத் திறந்தாள், உள்ளே போக முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதன் பிறகு அவள் அறையை விட்டு வெளியே வருவதை நிறுத்திவிட்டாள். திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தே கிடந்தாள். சாப்பாட்டை உள்ளே கொண்டு வைத்தால் வைத்தபடி இருக்கும். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை கொடுத்தார், அதையும் விழுங்கினாள், ஆனால் முகத்தில் ஆளே இல்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேனே தவிர, மனசு அந்த மூடிய கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் நான் சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு, பங்குனி உத்திரத்துக்குப் போய்ப் பொங்கலிட்டுவிட்டு வர வேண்டும். டில்லிக்கு வந்த பிறகு பெரும்பாலும் போகவில்லை. அந்தக் குற்றமோ என்று பயம். குளித்து ஈரத்தோடு நின்று, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து விளக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். "பிள்ளையை எழுப்பி உட்கார வை, குடும்பத்தோடு வந்து உன் வாசலில் பொங்கல் வைக்கிறேன்" என்று சொன்னேன். சொல்லும்போது அழுதேன். இதுவும் மதமில்லை என்றால் வேறு என்ன என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்தார்னி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக மகளின் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "சல் பேட்டா, ரொட்டி பேலனி ஹை. மேரே குட்னே நஹீ சல்தே" என்றாள். குருத்வாராவில் ரொட்டி தேய்க்க ஆள் வேண்டும், என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, நீ வா. அவ்வளவுதான் சொன்னாள். நான் எத்தனை மாதம் கெஞ்சியும் எழுந்திருக்காதவள், கலைந்த தலையோடு எழுந்து அவள் பின்னாலேயே போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது கன்னத்தில் மாவு. "மா, பசிக்குது" என்றாள். சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டு, இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் முகத்தைத் துடைப்பதற்குள்ளேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேர்ந்துகொண்டது நான், காசு முடிந்தது நான், எழுப்பினது என் சாஸ்தா. பேர் மட்டும் கீழ்வீட்டுக்காரிக்கா?

அன்று சாயங்காலம் கணவரிடம் பொருமினேன்.

"நீ எதுக்குக் கெடந்து பொங்குத?" என்றார். "பிள்ளை எந்திச்சு சாப்பிடுதாளா இல்லையா? எந்தச் சாமி எழுப்புனா என்ன?"

"உங்களுக்குத்தான் எந்தச் சாமியும் கிடையாதே. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு நான் விளக்கேற்றப் போனேன்.

மகள் தேறினாள். வேறு வேலையும் கிடைத்தது. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு போய் வந்தோம். சாஸ்தா கோவிலில் அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சினிமா தியேட்டரில் இடைவேளை விட்டதுபோல நின்றாள். பூசாரி திருநீறு நீட்டியபோது நெற்றியை நீட்டினாள், அதோடு சரி. ஆனால் டில்லி திரும்பியதும் முதல் ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்கு யாரும் எழுப்பாமலேயே எழுந்து போனாள். வேலை கிடைத்த பிறகும் போனாள். ரொட்டி தேய்த்தாள், தட்டு கழுவினாள், வெங்காயம் உரித்தாள். திரும்பி வந்து, என் வீட்டு சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "மா, காபி" என்றாள்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, அங்க போயி ஊரான் தட்டெல்லாம் கழுவுதியே. இங்க உன் தட்டை நீ கழுவுனா கை தேஞ்சா போயிரும்?"

"மா, அது சேவா."

"சேவான்னா?"

"சேவான்னா... சேவா. உனக்குப் புரியாது, சோட் தோ, விட்டுடு."

"எனக்கா புரியாது? இருபத்துநாலு மணி நேரமும் இந்த வீட்டுல நான் என்ன செய்யுதேன்? உங்க ஆன்ட்டி மதத்துல சேந்துட்டியான்னு நேரா கேக்கேன், சொல்லு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கோபமில்லை, ஆச்சரியம்தான். "நான் எந்த ரிலிஜன்லயும் இல்ல மா. நீதான் ரிலிஜன். இன்னைக்கு நகம் வெட்டாத, நாளைக்குத் தலை குளிக்காத, கேக்காத, தாண்டாத... எல்லாம் நீதான். அங்க யாரும் என்கிட்ட ஒண்ணுமே சொல்றதில்ல. நான் சும்மா பாத்திரம்தான் கழுவுறேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மதமே இல்லாதவளாக என்னை நான் நினைத்துக்கொண்டிருக்க, என் மகள் கண்ணுக்கு நான்தான் மதம். தலையில் துணி கட்டிக்கொண்டு போய் நெய்யில் குழைத்த பிரசாத அல்வாவைக் கையேந்தி வாங்கிச் சாப்பிட்டு வருகிறவளுக்கு மதம் கிடையாதாம். "அப்போ நாளையிலேர்ந்து இங்கயும் சும்மா கழுவு" என்றேன். அவள் சிரித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள்.

இதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. ஒரு நாள் அவள் போனில் யாரிடமோ, "நாளைக்கு சங்கராந்த், நான் சீக்கிரம் எந்திரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சங்கராந்த் என்றால் என்ன என்று கேட்டேன். மாதத்தின் முதல் நாளாம், அன்று குருத்வாராவில் விசேஷமாம், ஆன்ட்டி சொல்லிக் கொடுத்தாளாம். நான் சுவரில் மாட்டியிருந்த தினக்காலண்டரைப் பார்த்தேன். மறுநாள் ஆவணி முதல் தேதி. மாதப்பிறப்பு! நான் மாதாமாதம் வாசலில் கோலம் பெரிதாகப் போட்டு, பாயசம் வைத்து, "இன்னைக்கு மாசப்பொறப்பு, தலைக்குக் குளிச்சிட்டு வா" என்று இத்தனை வருஷமாகத் தொண்டை வற்றக் கத்திய அதே நாள். சில மாதம் ஒரு நாள் முன்னே பின்னே வரும், மற்றபடி அதே நாள். நான் சொன்னபோது காதில் விழாதது, சர்தார்னி சொன்னதும் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் சர்தார்னியைப் பார்த்தால் சிரிப்பதைக் குறைத்தேன். அவள் கொடுத்தனுப்பிய கடுகுக்கீரை மசியலை, உப்பு கூட என்று சொல்லி மீதம் வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவளுடைய மகன்கள் கனடாவிலிருந்து போன் செய்வதில்லை என்று கேள்விப்பட்டபோது, எனக்கு உள்ளே ஒரு சின்ன திருப்தி. அதற்காக இன்னொருத்தி பெண்ணை வளைத்துப் போட்டுக்கொள்வதா என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் கணவரிடமும் சொன்னேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சித்திரை வந்தது. எங்கள் பக்கத்தில் சித்திரை முதல் தேதி விசு. முதல் நாள் ராத்திரியே சாமிக்கு முன்னால் கனி வைத்துவிட வேண்டும். தாம்பாளத்தில் பச்சரிசி, மாம்பழம், பலாச்சுளை, நகை, பூ, நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி. காலையில் கண்ணைத் திறக்காமல் வந்து, அந்த வருஷத்தில் முதன்முதலாகப் பார்ப்பது அதுவாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது தாயின் வேலை. மகள் எதற்கு மசியாவிட்டாலும் இதற்கு மட்டும் மசிவாள். வளர்ந்த பிறகும், என் கைகளுக்குள் இமை படபடக்க, தட்டுத்தடுமாறி நடந்து வருவாள். வருஷத்தில் அந்த ஒரு காலை அவள் முழுக்க என்னுடையவள்.

அந்த வருஷம் விசுவும் அவர்களுடைய பைசாகிப் பண்டிகையும் ஒரே நாளில் வந்தன. டில்லியில் கொன்றை பூக்க இன்னும் நாளிருந்தது, அதனால் மஞ்சள் சாமந்தி வாங்கி வைத்தேன். புதுப்புடவை, அதற்குத் தோதாக எனக்கு ஒரு ஜோடி புதுச்செருப்பும் வாங்கி, டப்பாவோடு கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். விடியற்காலையில் எழுந்து குளித்து, கனிக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு, கையைச் சூடாகத் தேய்த்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. போனைப் பார்த்தேன். "பைசாகி மா, செம கூட்டம், ஆன்ட்டியோட சீக்கிரமே கிளம்பிட்டேன். ஹேப்பி நியூ இயர்!" என்று ஒரு மெசேஜ், பக்கத்தில் ஒரு பூ.

அந்த வருஷம் என் மகள் கண் விழித்து முதலில் பார்த்தது எதை என்று எனக்குத் தெரியாது. என் கனியை இல்லை. கணவர் எழுந்து வந்து, கேட்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார், பாவம். நான் அவரைக் கவனிக்காமல் தாம்பாளத்து நகையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். புதுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, புதுச்செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். எங்கே போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான்தான் பழக்கி வைத்திருந்தேன்.

"குருத்வாரா, பையா" என்று ஈ-ரிக்‌ஷாக்காரனிடம் சொன்னேன். போகிற வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் அடுக்கினேன். சர்தார்னியிடம் இந்தியில் என்ன சொல்வது, மகளிடம் தமிழில் என்ன சொல்வது. இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன்.

வாசலில் ஏகப்பட்ட கூட்டம். உள்ளே போகத் தலையை மூட வேண்டும் என்று ஒருவர் ஆரஞ்சு நிறத் துணியை நீட்டினார். எங்கள் ஊரில் சுமங்கலி முக்காடு போட்டால், வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். நாத்திகராக இருந்தாலும் என் வீட்டுக்காரர் நன்றாக இருக்கட்டும் என்று சாஸ்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, துணியை வாங்கித் தலையில் போட்டு, முகம் பாதி மறைய இழுத்துவிட்டுக்கொண்டேன்.

செருப்பு விடுகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே செருப்பை வாங்கி வைக்கிறவர்கள் இடுப்பளவு பள்ளத்தில் நிற்கிறார்கள். நம்முடைய கால் இருக்கும் மட்டத்தில் அவர்களுடைய கை இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் துணி கட்டிய தலைகள் மட்டும்தான் தெரியும். வரிசை நகர்ந்தது. நான் குனிந்து செருப்பைக் கழற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்ட கையில், கட்டைவிரலுக்குக் கீழே, சின்ன வயதில் இட்லிக் கொப்பரை ஆவி பட்ட தழும்பு.

என் மகள்!

நிமிர்ந்து பார்க்கவில்லை அவள். என் செருப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். பக்கத்திலிருந்த துணியை எடுத்து, அதிலிருந்த தெருப்புழுதியை மெதுவாக, ஓரமெல்லாம் விட்டுப்போகாமல் துடைத்தாள். துடைத்த விரல்களை நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு செருப்பை அலமாரித் தட்டில் ஜோடியாக வைத்துவிட்டு, ஒரு டோக்கனை என் பக்கம் நீட்டினாள். விரல்கள் என் உள்ளங்கையில் பட்டன. அடுத்த செருப்புக்குக் கை நீட்டினாள்.

பின்னாலிருந்தவர்கள் நெருக்க, நகர்ந்துவிட்டேன். உள்ளே போனேன். எங்கே உட்கார்ந்தேன், என்ன பாடினார்கள், ஒன்றும் ஞாபகமில்லை. அல்வா கொடுக்கிறவர் வந்தபோது கோவிலில் நீட்டுவதுபோல வலது கையை மட்டும் நீட்டினேன். அவர் கொடுக்காமல் நின்றார். பக்கத்தில் இருந்த பெண் தன் இரண்டு கைகளையும் கிண்ணம்போலச் சேர்த்துக் காட்டினாள். நானும் சேர்த்தேன். திருநெல்வேலிக்காரிக்கு அல்வா விஷயத்தில் யாரும் பாடம் எடுக்க வேண்டாம்தான், ஆனாலும் நன்றாக இருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது. தூரத்தில் சமையற்கூடப் பக்கம் சர்தார்னியின் குரல் கேட்டதும், மத்திய வயது தாண்டிய வங்கி உத்தியோகக்காரி நான், ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். திரும்பும்போது செருப்பை எடுத்துக் கொடுத்தது வெள்ளைத்தாடி வைத்த ஒரு பெரியவர்.

மத்தியானம் மகள் வந்தாள். வந்ததும் சாமி அலமாரியைப் பார்த்துவிட்டு, "கனி எடுத்துட்டியா?" என்றாள். முகம் ஒரு நொடி விழுந்ததுபோலத்தான் இருந்தது. நான் நம்பவில்லை. மாம்பழத்தை நறுக்கி வைத்தேன்.

"இன்னைக்கு என்ன வேலை குடுத்தாங்க?" என்று ஒன்றும் தெரியாததுபோலக் கேட்டேன்.

"ஜோடா கர் மா. செருப்பு எடுத்து வைக்கிறது. அதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

"யாரு செருப்புன்னு பாப்பியா?"

"சே, முகத்தையே பாக்கக் கூடாது. பாத்தா இவங்க பணக்காரங்க, இவங்க ஏழைன்னு மனசுல வந்துடும். யாரோ ஒருத்தர், அவ்ளோதான். அவங்க கால் தூசி நம்ம கையில படறதே லக்குன்னு ஆன்ட்டி சொல்வாங்க."

நான் அடுத்த துண்டை நறுக்கினேன். "அப்போ என் செருப்பு வந்தா?"

அவள் வாய் நிறைய மாம்பழத்தோடு சிரித்தாள். "உன் செருப்பா? அதை டெய்லி வாசல்ல பாக்கிறேனே மா. அது வெறும் செருப்பு."

கத்தி கையிலேயே நின்றுவிட்டது. அவள் கவனிக்கவில்லை, கொட்டையைச் சப்பிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டாள்.

இத்தனை நாள் சர்தார்னியைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை என்று அப்போது தெரிந்தது. அன்று காலை முக்காட்டோடு வரிசையில் நின்ற அந்தப் பொம்பளை மேல் வந்ததுதான் பொறாமை. என் பிள்ளை அவள் கால் புழுதியைத் துடைத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெற்று, பாலூட்டி, மூடிய கதவுக்கு வெளியே நின்று அழுதவளுக்குக் கிடைக்காதது, யாரோ ஒருத்திக்குக் கிடைத்தது. அவள் நானேதான் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

நான் போன விஷயத்தை மகளிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அது அன்றோடு முடிந்துவிடும்.

மாதப்பிறப்புக்கு அவளுக்குச் செருப்பு வேலைதான். அவள் கிளம்பிப் போய்ச் சற்று நேரம் கழித்து நானும் கிளம்புகிறேன். அவளுக்குத் தெரியாத பழைய புடவை ஒன்றைக் கட்டிக்கொள்கிறேன். சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள் என்று வளையல்களைக் கழற்றி வைத்துவிடுகிறேன். வரிசையில் நின்று, அவள் நிற்கிற இடமாகப் பார்த்து நகர்ந்து போய்க் குனிகிறேன். விசுவுக்கு வாங்கிய அந்தச் செருப்பை ஒரு துணிப்பையில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன். மாதப்பிறப்பு தவிர வேறு எந்த நாளிலும் அதை நான் காலில் போடுவதில்லை.